பண்ணையும் தோய்வும்: கணினி விளையாட்டுப் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல் 'பண்ணை' என்னும் சொல்லோடு தொடங்குகின்றது. பண்ணை என்பது விளையாட்டுப் பொருளினதாகிய உரிச்சொல் என்பது அந்நூலின் உரியியலாற் பெறப்படும். விளையாட்டின்கண்ணே தோன்றும் சுவைகளை முதலிற் சுட்டி, அவற்றின் வழியே செய்யுட்குரிய எண்வகை மெய்ப்பாடுகளையும் வகுத்துக் காட்டுதல் அவ்வியலின் போக்காகும். உவகை பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டும் ஒன்றாக அங்கே எண்ணப்பட்டுள்ளது. விளையாட்டை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடாது, சுவையின் பிறப்பிடங்களுள் ஒன்றாக மதித்த மரபு தமிழுக்கு உண்டு என்பதற்கு இவை சான்றாகும்.

இத்தகைய மரபினையுடைய மொழியிலே, இன்றைய இளைஞரின் ஓய்வுநேரத்திற் பெரும்பகுதியைத் தன்வயப்படுத்திக்கொண்ட கணினி விளையாட்டைப் பற்றிய பேச்சு இரு முனைகளில் நின்றுவிடுகின்றது. பெற்றோரும் ஆசிரியரும் அதனைக் காலக்கேடு என்பர். ஆடுவோர் அதனை இன்பம் என்பர். ஒரு விளையாட்டு ஆடுவோனைத் தன்னுள் இழுத்துக்கொள்வது எவ்வாறு, அங்ஙனம் இழுக்கப்படுதல் எப்போது நன்று, எப்போது தீது என்னும் வினாக்களை இருசாராரும் எழுப்புவதில்லை. அவற்றுக்கு விடை காணாமல் மாணவனைக் கண்டிப்பதாலும் பயனில்லை. அவன் போக்கிலே விட்டுவிடுவதாலும் பயனில்லை.

இவ்வாறு இழுக்கப்படும் நிலையை ஆங்கிலத் திறனாய்வாளர் நீரில் அமிழ்தலைக் குறிக்கும் சொல்லால் வழங்குவர். கணினிவழிக் கதைக்கலை பற்றி 1997இல் நூலொன்று வெளியிட்ட ஜனெற் மறே என்னும் அமெரிக்க அறிஞர், அச்சொல் நீருள் மூழ்கும் உடலனுபவத்தினின்றும் எழுந்த உருவகமே என விளக்கினார். தமிழில் அதனைத் தோய்வு எனல் பொருந்தும். தோய்தல் நனைதலையும் குறிக்கும். பால் தயிராக உறைதலையும் குறிக்கும். நனைந்த துணி உலர்ந்தபின் பழைய துணியே. தோய்ந்த பாலோ மீண்டும் பாலாவதில்லை. விளையாட்டிலே தோய்ந்தவன் எத்தகைய தோய்வை அடைகின்றான் என்பதே இங்கு ஆராயற்பாலது.

படத்தின் மெய்ம்மையே தோய்வுக்குக் காரணம் என்பது பலரும் எளிதிற் கொள்ளும் கருத்து. திரையிலே தோன்றும் மரமும் நீரும் முகமும் மெய்யானவற்றை ஒத்திருக்குமளவுக்கு ஆடுவோன் அவ்வுலகினுட் புகுந்துவிடுவான் என்பது இதன் உட்கிடை. விற்பனை விளம்பரங்களும் இதனையே மீளமீளக் கூறுகின்றன. ஆயின் இத்துறையின் வரலாறு இக்கருத்துக்கு இடந்தரவில்லை.

1970களின் நடுப்பகுதியில் வில் குறோதர் என்னும் அமெரிக்க நிரலாளர், கென்ரக்கி மாநிலத்து மாமத் குகைத்தொகுதியைத் தழுவி ஒரு விளையாட்டை ஆக்கினார். அவர் அக்குகைகளினுள் இறங்கி அளவை செய்து பழகியவர். 1977இல் டொன் வூட்ஸ் என்பார் அதனை விரிவாக்கினார். அவ்விளையாட்டிற் படமென்பது ஒன்றேனும் இல்லை. இடத்தை விவரிக்கும் சில வாக்கியங்கள் திரையில் தோன்றும். ஆடுவோன் ஓரிரு சொற்களால் தன் செயலைத் தட்டெழுதுவான். அதற்கேற்ப அடுத்த வாக்கியங்கள் தோன்றும். அவ்வளவே. ஆயினும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் இருந்தோர் அக்குகையினுள் வழிதவறி நின்றனர். வழிகளைத் தாளில் வரைந்து வரைந்து முன்னேறினர். காணாத குகையை அவர் கண்டது கண்ணாலன்று. தாம் செய்த செயலுக்கு அக்குகை விடையளித்தமையால் என்க.

இதனினும் வலிய சான்று ரெற்றிஸ் என்னும் விளையாட்டு. 1984இல் மொஸ்கோவிலே சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்திற் பணியாற்றிய அலெக்சி பஜித்னவ் அதனை ஆக்கினார். அவர் கையாண்ட எலெக்ரோனிக்கா 60 என்னும் கணினிக்குப் படம் வரையும் ஆற்றல் கிடையாது. ஆதலின் நான்கு சதுரங்களாலான ஏழு வடிவங்களையும் அவர் அடைப்புக்குறிகளைக் கொண்டே காட்டினார். கதையில்லை, மாந்தரில்லை, இடமென்று சொல்லத்தக்கதும் இல்லை. எனினும் அது ஆடுவோர் உள்ளத்தை எவ்வளவு ஆழமாகப் பற்றியது என்பதற்கு 2000ஆம் ஆண்டில் றொபேட் ஸ்ரிக்கோல்டும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். அவ்விளையாட்டை ஆடியவர் துயிலத் தொடங்கும் வேளையிலும் வடிவங்கள் வீழ்வதைக் கண்டனர். மறதிநோயுற்று, தாம் ஆடியதையே நினைவுகூர இயலாதிருந்தோர் சிலருங்கூட அத்தோற்றங்களைக் கண்டதாகக் கூறினர். அடைப்புக்குறிகளிற் பிறந்த ஒரு விளையாட்டு நினைவு மறைந்த உள்ளத்தினும் எஞ்சிநிற்குமாயின், தோய்வுக்கு ஓவியத்திறனே காரணம் எனல் எங்ஙனம் பொருந்தும்?

படத்தின் மெய்ம்மை சில வேளைகளில் இடையூறாதலும் உண்டு. மனிதரைப் பெரும்பாலும் ஒத்து, முற்றும் ஒவ்வாது நிற்கும் உருவம் காண்போர்க்கு அருவருப்பைத் தரும் என்று யப்பானிய அறிஞர் மசஹிரோ மோரி 1970இல் எடுத்துரைத்தார். அவர் கூறியது இயந்திர மனிதரைப் பற்றியதாயினும், கணினியால் வரையப்படும் முகங்களுக்கும் அது பெரிதும் பொருந்துகின்றது. கோட்டோவியமாகத் தோன்றும் முகத்திலே பார்ப்பவன் தன் கற்பனையால் உயிரை நிரப்புகின்றான்; முக்கால் மெய்யாகத் தோன்றும் முகத்திலோ குறையையே காண்கின்றான்.

படம் காரணமன்றாயின் வேறு யாது? ஆங்கிலக் கவிஞர் கோல்றிட்ஜ் 1817இல் வெளியிட்ட தம் இலக்கிய வாழ்க்கை வரலாற்றிலே, கவிதையைச் சுவைப்போன் தன் ஐயத்தைத் தானே விரும்பிச் சற்று ஒதுக்கிவைக்கின்றான் என்னும் கருத்தை முன்வைத்தார். நாடகத்துக்கும் நாவலுக்கும் இக்கருத்து நெடுங்காலம் அளவுகோலாய் நின்றது. மறே இதனைக் கணினிக்கலைக்கு ஏற்ப மாற்றியமைத்தார். ஆடுவோன் ஐயத்தை ஒதுக்குவதோடு நில்லாது, தன் செயலால் நம்பிக்கையை ஆக்கிக்கொள்கின்றான் என்பது அவர் கருத்து. கதவொன்று வரையப்பட்டிருத்தல் நம்பிக்கையைத் தாராது. அதனைத் திறக்க முயன்று, அது திறக்குமாயின், அன்றிப் பூட்டப்பட்டிருக்கின்றதென விடைதருமாயின், அக்கதவு உண்மையாகின்றது. திறக்கவும் மாட்டாது விடையும் தாராது நிற்கும் கதவு, எவ்வளவு அழகாக வரையப்பட்டிருப்பினும், சுவரில் எழுதிய சித்திரமே.

மெய்ப்பாட்டியல் உரையாசிரியர் சுவைக்கப்படும் பொருள், அதனை உணரும் உணர்வு, அவ்வுணர்வால் உள்ளத்தெழும் குறிப்பு, அக்குறிப்பு உடம்பின்வழிப் புலப்படும் விறல் என நால்வகையாகப் பிரித்து நோக்குவர். கூத்திலே இந்நான்கும் ஆடுவோன்பாற் காட்டப்பட, அவையோர் கண்டு தாமும் சுவைப்பர். காட்டுவோன் ஒருவன், காண்போன் ஒருவன். கணினி விளையாட்டிலோ இப்பிரிவு நீங்கிவிடுகின்றது. அஞ்சி ஓடுவோனும் அவ்வோட்டத்தைக் காண்போனும் ஒருவனே. அவன் அச்சம் விரல் நடுக்கமாகிப் பொத்தானிற் பதிய, அந்நடுக்கத்தால் திரையிலுள்ள பாத்திரம் தவறி விழ, அவ்வீழ்ச்சி அச்சத்தை மேலும் பெருக்குகின்றது. விறலே மீண்டும் சுவைப்பொருளாகின்றது. இச்சுழற்சி பிறகலைகளில் இத்துணைத் தெளிவாகக் காணப்படுவதன்று. தோய்வின் ஊற்றுக்கண் இதுவேயாம்.

பின்லாந்து நாட்டு ஆய்வாளரான லாவுரா எர்மியும் பிரான்ஸ் மாய்ராவும் 2005இல் தோய்வை மூவகையாக வகுத்தனர். புலன்வழித் தோய்வு ஒன்று. அறைகூவல்வழித் தோய்வு ஒன்று. கற்பனைவழித் தோய்வு ஒன்று. ஒரு விளையாட்டில் இவற்றுள் ஒன்றோ இரண்டோ மூன்றுமோ மிக்கு நிற்கலாம். இப்பாகுபாட்டை எடுத்துக்காட்டுகளில் வைத்து நோக்குதல் நலம்.

புலன்வழித் தோய்வுக்கு 1998இல் வெளிவந்த தீஃப் என்னும் விளையாட்டு தக்க சான்று. அதில் ஆடுவோன் இருளில் ஒளிந்து செல்லும் கள்வனாகின்றான். அவன் காலடியோசை தரைக்கேற்ப மாறும். கம்பளத்தின்மேல் ஓசை அடங்கும்; கல்லிலும் உலோகத்திலும் ஓசை எழும். காவலர் அவ்வோசையைக் கேட்பர், கேட்டுத் தேடிவருவர். அவ்வாறே காவலரின் காலடியையும் முணுமுணுப்பையும் ஆடுவோன் கேட்டு, அவர் எத்திசையில் எவ்வளவு தொலைவில் உள்ளார் என்று உய்த்துணர்வான். அக்காலத்துப் படங்கள் இன்று கரடுமுரடானவையாகத் தோன்றும். ஆயின் ஒலி அங்கே அணியாக நில்லாது விதியாக நிற்கின்றது. கேட்டல் என்பது அலங்காரத்தை நுகர்தலன்று; உயிர்தப்பும் வழி. ஆதலின் ஆடுவோன் தன்னையறியாமலே மூச்சை அடக்கிக்கொள்கின்றான். புலனுக்கு வேலையிருந்தாலன்றிப் புலன் தோயாது என்பது இதனாற் பெறப்படும்.

அறைகூவல்வழித் தோய்வை விளக்க மீண்டும் ரெற்றிஸ் உதவும். ஒருவன் திறமையும் அவன்முன் உள்ள செயலின் அருமையும் ஒத்த அளவினவாய் அமையும்போது, காலமும் தன்னினைவும் மறைந்த ஒருமுகநிலை தோன்றும் என்று மிஹாய் சிக்சென்மிஹாயி என்னும் உளவியலறிஞர் 1975 முதல் எழுதிவந்தார். செயல் எளிதாயின் சலிப்பு, அரிதாயின் கலக்கம், இரண்டுக்கும் இடைப்பட்டதே அந்நிலை. ரெற்றிசில் வடிவங்கள் முதலில் மெல்ல வீழும். ஆடுவோன் கைவரப்பெறுந்தோறும் வேகம் மிகும். திறமை வளர வளர அருமையும் வளர்கின்றது. வீணை பயில்வோனும் கணக்குச் செய்வோனும் அறிந்த ஒருமுகப்பாடே இது. கணிதபாடத்திலே மனம் பற்றாத மாணவன் விளையாட்டிலே மனம்பற்றி நிற்பானாயின், அவனிடம் ஒருமுகப்பாடு இல்லையென்று கூறல் பிழை. அவனுக்கேற்ற அளவில் அருமை படிப்படியாக வைக்கப்படவில்லை என்பதே மெய்.

கற்பனைவழித் தோய்வே இம்மூன்றனுள் நுண்ணியது. யப்பானியரான பூமிற்றோ உவேடாவின் நெறியாள்கையில் 2005இல் வெளிவந்த 'ஷடோ ஒவ் த கொலோசஸ்' என்னும் விளையாட்டு இதற்கு உயர்ந்த எடுத்துக்காட்டு. இறந்துபட்ட ஒரு பெண்ணைச் சுமந்துகொண்டு, மக்கள் புகலாகாதென விலக்கப்பட்ட நிலத்தினுள் ஓர் இளைஞன் குதிரைமேல் வருகின்றான். அவளை மீட்கவேண்டின் அந்நிலத்தில் உலாவும் பதினாறு பேருருக்களையும் அவன் கொல்லவேண்டும். வழிகாட்டுவோர் இல்லை. வாளை வெயிலில் உயர்த்திப் பிடித்தால் ஒளிக்கதிர் குவிந்து திசைகாட்டும். நிழலில் நின்றால் அதுவுமில்லை. இடைவழியில் எதிர்த்து வரும் சிறுபகைவர் எவருமிலர். வெறுநிலமும் காற்றும் குதிரையின் குளம்பொலியுமே துணை.

தமிழ்த் திணைமரபு முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தவற்றை இங்கே அளவுகோலாகக் கொள்ளலாம். உவேடா அம்மரபை அறிந்து செய்தார் என்பது கருத்தன்று. நிலமும் உணர்வும் இயைந்து நிற்கவேண்டும் என்னும் உண்மை எம்மொழிக்கும் பொது. இவ்விளையாட்டின் முதற்பொருள் ஆளற்ற அகன்ற நிலம். கருப்பொருள் குதிரை, பல்லி, சிதைந்த கட்டடம், தனித்துத் திரியும் பேருரு என்பன. உரிப்பொருள் பிரிவும் அப்பிரிவைத் தாங்கமாட்டாமையும். பாலைக்குரிய உரிப்பொருள் வறண்ட நிலத்திலே வைத்துப் பாடப்படுதல் போல, இங்கும் வெறுமை உள்ளத்து வெறுமைக்கு இடமாகின்றது. நிலப்பரப்பை நிரப்பச் சிறுபகைவரையும் பரிசுப்பொருள்களையும் ஆங்காங்கே தூவியிருந்தால் இவ்வியைபு கெட்டிருக்கும்.

செயலும் அவ்வியைபினுள்ளே அடங்குகின்றது. பேருருவின் உடல்மீது ஏறும்போது அதன் மயிரைப் பற்றிக்கொள்ளுதற்கு ஆடுவோன் ஒரு பொத்தானை விடாது அழுத்தியிருத்தல் வேண்டும். பற்றும் வலிமை சிறிது சிறிதாகக் குறைவதைத் திரையிலுள்ள வட்டமொன்று காட்டும். விரல் தளர்ந்தால் கை தளரும், இளைஞன் வீழ்வான். குதிரையும் இயந்திரம்போல் உடனே பணிவதில்லை. சில வேளைகளில் தன்போக்கிற் செல்கின்றது. ஆதலின் அது வாகனமாகாது துணையாகின்றது. பேருரு வீழும்போது வெற்றிமுழக்கம் ஒலிப்பதில்லை, இரங்கலிசையே எழுகின்றது. அப்பேருருக்களுள் ஒன்று தானாக எவரையும் தாக்குவதில்லை. ஒவ்வொரு கொலையின் பின்னும் இளைஞனின் தோற்றம் பொலிவிழந்து செல்கின்றது. இறுதியில் அவன் ஒரு பொய்கையை நோக்கி ஈர்க்கப்படும் காட்சியிலும் பொத்தான்கள் இயங்குகின்றன. ஆடுவோன் பற்றிக்கொள்ளலாம், எதிர்த்து ஓடலாம். ஆயினும் தப்ப இயலாது. பதினாறு முறை விடாப்பிடியால் வென்ற அதே கை, விடவேண்டிய வேளையிலும் விடமாட்டாது துடிப்பதை அவன் தன் விரலிலேயே உணர்கின்றான். ஒரு பாத்திரத்தின் குற்றத்தை வாசகன் அறிதல் வேறு. தானே செய்து அறிதல் வேறு. 2018இல் இவ்விளையாட்டு மிகத் தெளிந்த படங்களோடு புதுக்கி வெளியிடப்பட்டது. கண்ணுக்கு இனிமை கூடியது. ஆயின் அதன் சுவைக்கு வேராய் நிற்பன 2005இல் வகுக்கப்பட்ட அவ்விதிகளே.

மெய்ப்பாடுகளுள் பெருமிதமும் அச்சமும் மட்டுமே கணினி விளையாட்டுக்கு உரியன என்பாரை மறுத்தற்கு 'பேப்பேர்ஸ் பிளீஸ்' என்னும் விளையாட்டு போதும். லூக்காஸ் போப் என்பார் தனியொருவராக ஆக்கி 2013இல் வெளியிட்டது அது. அர்ஸ்ரொற்ஸ்கா என்னும் கற்பனை நாட்டிலே, 1982இல், எல்லைச்சாவடியொன்றிற் குடிவரவு அலுவலனாக ஆடுவோன் அமர்த்தப்படுகின்றான். படங்கள் கரடானவை, நிறங்கள் மங்கியவை. செய்யவேண்டியதெல்லாம் கடவுச்சீட்டையும் அனுமதிப் பத்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்துதலே. எத்தனைபேரைச் சரியாகச் சோதித்தானோ அத்தனைக்கே கூலி. ஒரு நாளின் முதலிரு பிழைகளுக்கு எச்சரிக்கை. அதன்மேற் கூலியில் வெட்டு. மாலையில் வாடகை, உணவு, குளிர்காய எரிபொருள் என்பவற்றுக்கு அக்கூலியைப் பங்கிடவேண்டும். குறைந்தால் வீட்டில் உள்ளோர் பசித்திருப்பர், நோயுறுவர்.

ஒரு நாள் ஒருவன் வருகின்றான். அவன் பத்திரங்கள் யாவும் சரியானவை. அவன் உள்ளே சென்றபின் அவன் மனைவி வருகின்றாள். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. திரும்பிச் சென்றால் உயிர்க்கேடு என்கின்றாள். விதிப்படி அவளை மறுக்கவேண்டும். அனுமதித்தால் ஒரு பிழை. இவ்விடத்தில் விளையாட்டு யாதும் கற்பிப்பதில்லை, அறவுரை கூறுவதில்லை. முத்திரைகள் இரண்டும் மேசைமீது உள்ளன, கடிகாரம் ஓடுகின்றது, வரிசை நீண்டு நிற்கின்றது. ஆடுவோன் எதனை எடுக்கின்றான் என்பதே கதை. இரக்கமுள்ளவனும் எவ்வாறு சிறிது சிறிதாக இரக்கத்தைக் கணக்குப் பார்க்கத் தொடங்குகின்றான் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துதல் எளிதன்று. சாவடிகளிற் பல்லாண்டு வரிசையில் நின்று பழகிய ஈழத்து மக்களுக்கு இவ்விளையாட்டில் ஒரு தனிப்பொருள் உண்டு. அவர் அறிந்தது மேசையின் ஒருபுறம். இது மறுபுறத்தே அமர்த்துகின்றது. அங்ஙனம் அமர்ந்தவன் மன்னிக்கவேண்டும் என்பதன்று; அறிந்துகொள்கின்றான் என்பதே இங்கு வேண்டப்படுவது.

இவ்வெடுத்துக்காட்டுகளால் ஒரு விதி பெறப்படும். ஆடுவோன் செய்யும் செயலும், அவன் இருப்பதாகக் காட்டப்படும் உலகும், அவன் உணரவேண்டிய உணர்வும் ஒன்றையொன்று தாங்கி நிற்குமிடத்துத் தோய்வு பிறக்கும். அவை முரணுமிடத்துத் தோய்வு கலையும். கிளின்ற் ஹொக்கிங் என்னும் விளையாட்டு வடிவமைப்பாளர் 2007இல், அவ்வாண்டு வெளிவந்து பெரும்புகழ் பெற்ற பயோஷொக் என்னும் விளையாட்டைப் பற்றி இத்தகைய குறையையே எடுத்துக்காட்டினார். அவ்விளையாட்டின் விதிகள் தன்னலம் பேணும் தெரிவை ஆடுவோன் கையில் விடுகின்றன. கதையோ வேறொருவனுக்கு உதவுமாறு தெரிவின்றி அவனைச் செலுத்துகின்றது என்பது அவர் வாதம். விதி ஒன்று கூறக் கதை வேறொன்று கூறுமாயின், ஆடுவோன் இரண்டுக்கும் புறத்தே வந்து நிற்பான்.

இதற்கு ஒரு தடையும் எழுப்பப்படும். கேற்றி சேலன், எரிக் சிமர்மன் என்போர் 2003இல் வெளியிட்ட தம் நூலில், ஆடுவோன் வேறோர் உலகிற்கு மெய்யாகவே பெயர்ந்துவிட்டதாக மயங்குவதே விளையாட்டின் நோக்கம் என்னும் கொள்கையைப் பிழையென்று கூறினர். ஆடுவோன் எப்போதும் தான் ஆடுகின்றான் என்பதை அறிவான். அவ்வறிவும் இன்பத்தின் ஒரு கூறு என்பது அவர் கருத்து. இது ஏற்கத்தக்கதே. ஆயின் தோய்வு என்பது மயக்கமன்று என்று கொண்டால் இத்தடை நீங்கும். மணலிற் சிற்றில் இழைத்து, மணலையே சோறாக அட்டு விருந்தோம்பும் சிறுமி, மணல் சோறன்று என்பதை நன்கறிவாள். பசித்தால் தாயிடமே ஓடுவாள். ஆயினும் அச்சிற்றிலை ஒருவன் காலாற் சிதைத்தால் அவள் வடிக்கும் கண்ணீர் பொய்யன்று. பிள்ளைத்தமிழ்ப் புலவர் சிற்றிற் பருவத்தைப் பாடியது இவ்வுண்மையை அறிந்தமையாலேயாம். பொய்யென்று அறிந்தும் மெய்யாக ஈடுபடுதல் மயக்கமன்று, கலையின் இயல்பு.

இனி, தோய்வெல்லாம் நன்றாகுமா என்பது வினா. 2019இல் உலகச் சுகாதாரத் தாபனத்து நாடுகள் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப்பாகுபாட்டில் விளையாட்டுக் கோளாறு என்பதும் இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளையும் விருப்பங்களையும் விஞ்சி ஆட்டமே முதன்மை பெறுதல், தீங்கு கண்டும் தொடர்தல் என்பன அதன் குறிகள். பொதுவாக இவை ஓராண்டளவாவது நிலைத்திருத்தல் வேண்டும். தோய்வின் ஆழம் அக்குறிகளுள் ஒன்றன்று என்பது நோக்கற்பாலது. ஒரு மாலை முழுதும் தன்னை மறந்து ஆடி, எழுந்து சென்று தன் கடன்களை ஆற்றுவோன் நோயாளனல்லன். ஆட்டத்திலே இன்பமும் இன்றி, நிறுத்தவும் இயலாது, கையை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பவனே இரங்கத்தக்கவன். அவன் தோய்ந்தவனல்லன், கட்டுண்டவன்.

கட்டுண்ணச் செய்யும் முறையும் வேறாகும். எத்தனை முறை முயன்றால் இரை கிட்டும் என்பது உறுதியில்லாதவிடத்துப் பிராணி ஓயாது முயலும் என்பதை உளவியலறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு காட்டினார். 1957இல் பேர்ஸ்ரர் என்பாரோடு வெளியிட்ட நூலில் அதனை விரித்துரைத்தார். உள்ளே இருப்பது யாதெனத் தெரியாத பரிசுப்பெட்டிகளைப் பணத்துக்கு விற்கும் விளையாட்டுகள் இவ்விதியிலேயே நிற்கின்றன. 2018இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணைக்குழு, சில விளையாட்டுகளில் அத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை எனத் தீர்த்தது. இங்கே ஆடுவோனுடைய திறமைக்கு வேலையில்லை, தெரிவுக்கு வேலையில்லை, கற்பனைக்கும் வேலையில்லை. வேலை அவன் ஆசைக்கு மட்டுமே. தோய்வுக்கு ஊற்றெனக் கண்ட சுழற்சி இங்கு இல்லை; செக்கைச் சுற்றும் சுழற்சியே உண்டு.

எனவே தோய்வையும் கட்டுண்ணலையும் வேறுபடுத்தி அறிய மூன்று வினாக்கள் உதவும். ஆடுவோனது செயலுக்கு அவ்வுலகம் பொருளுள்ள விடை தருகின்றதா? அவன் திறமையோ அறிவோ இரக்கமோ அதனால் வளர்கின்றதா? ஆட்டம் முடிந்தபின் எண்ணிப் பார்த்தற்கு யாதேனும் எஞ்சுகின்றதா? முதல் வினாவுக்கு ஆம் என்றால் அது நல்ல விளையாட்டு. இரண்டாவதற்கும் ஆம் என்றால் அது பயனுள்ள விளையாட்டு. மூன்றாவதற்கும் ஆம் என்றால் அது கலை. மூன்றுக்கும் இல்லை என்ற விடையே வருமாயின், அது எவ்வளவு அழகாக வரையப்பட்டிருப்பினும் பொறியே.

விளையாட்டு ஒருபோதும் கலையாகாது என்று புகழ்பெற்ற அமெரிக்கத் திரைப்படத் திறனாய்வாளர் றொஜர் ஈபேட் 2010இல் எழுதினார். இரண்டாண்டு கழிந்து, 2012இல், நியூயோர்க் நவீனகலை அருங்காட்சியகம் ரெற்றிஸ் உள்ளிட்ட பதினான்கு விளையாட்டுகளைத் தன் தொகுப்பிற் சேர்த்துக்கொண்டது. ஆயின் அருங்காட்சியகத்தில் இடம்பெறுதலால் மட்டும் ஒன்று கலையாகிவிடாது. மறுக்கப்படுதலால் கலையாகாது ஒழிவதுமில்லை. ஒவ்வொரு படைப்பையும் தனித்தனி எடுத்து நோக்கி நன்றும் தீதும் தெரிந்துரைப்போர் இருந்தாலன்றி ஒரு துறை கலையாய் வளராது. நாவலும் திரைப்படமும் ஒரு காலத்தில் இளைஞரைக் கெடுப்பன என்றே பழிக்கப்பட்டன. அவற்றுள் நல்லன நிலைபெற்றதற்கு அவற்றைப் படித்தும் கண்டும் பகுத்துரைத்த திறனாய்வும் ஒரு காரணமாகும்.

மாணவன் என்ன ஆடுகின்றான் என்று வினவாத ஆசிரியர், அவன் என்ன படிக்கின்றான் என்று வினவாத ஆசிரியரை ஒப்பர். அவ்வினாவைக் கண்டிப்புக்காகவன்றி அறிதற்பொருட்டு வினவுவாராயின், எல்லைச்சாவடியில் அவன் எந்த முத்திரையை எடுத்தான், ஏன் எடுத்தான் என்பதை அவன்வாயாற் கேட்கலாம். அவ்விடை நன்று, அன்று என்று ஆராயத் தொடங்குமிடத்தே பண்ணை பாடமாகின்றது. பால் தோய்வதற்கு உறை ஒரு துளி போதும். அதனை இடுவதற்கு ஒரு கை வேண்டும்.